ஓர் இரவுக்கு எத்தனை கிலோ? மலையகத்தில் கூடாரப் பயணத்தின் சுமை

டிசம்பர் பௌர்ணமியோடு சிவனொளிபாத மலை யாத்திரைக் காலம் தொடங்கிவிட்டால், ஹட்டன் ரயில் நிலையத்தில் இரண்டு வகைப் பயணிகள் இறங்குவதைப் பார்க்கலாம். ஒரு வகையினர் நல்லதண்ணிக்கு பஸ் ஏறுகிறவர்கள். தோளில் ஒரு துணிப்பை; அதற்குள் ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, ஒரு போத்தல் தண்ணீர், சுற்றி வைத்த ரொட்டி. இரவெல்லாம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை ஏறி, 2,243 மீற்றர் உயரத்தில் விடியலைக் கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள். மற்ற வகையினர் கூடாரம் அடிக்க வருகிற இளைஞர்கள். தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் முதுகுப்பை, பக்கவாட்டில் கூடாரச் சுருள், கீழே பாய், வெளியே தொங்கும் கேத்தல். 15 கிலோவுக்குக் குறையாது. பெரும்பாலும் அவர்கள் ஏறப்போவது சிவனொளிபாத மலையைவிடத் தாழ்ந்த மேடு, தங்கப்போவது ஒரே ஓர் இரவு.

யாத்திரை போகிறவர்கள் இரவில் படுப்பதில்லை, வழி நெடுகத் தேத்தண்ணிக் கடை இருக்கிறது, கூட்டமே ஒரு கதகதப்பு. இந்த வித்தியாசங்களை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனாலும் படுக்க ஒரு பாய், போர்த்த ஒன்று, மேலே ஒரு கூரை என்று கூட்டிப் பார்த்தால் மூன்று, நான்கு கிலோதான் வரும். மிச்சமுள்ள பதினொன்று, பன்னிரண்டு கிலோ எங்கிருந்து வந்தது என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

சுமை குறைப்பதைப் பற்றி இன்று கிடைக்கிற அறிவுரைகளில் பெரும்பகுதி அமெரிக்காவின் நீண்ட நடைபாதைகளில் பிறந்தது. அங்கே நாள்கணக்கில் ஆள் நடமாட்டமில்லாத காடும் மலையும் உண்டு. மேற்குக் கரைப் பக்கம் கோடையில் மழையும் குறைவு. நம்முடையது ஈரமான மலை, அதுவும் மனிதர்கள் நெருக்கமாக வாழ்கிற மலை. ஆகவே எதைக் கழிப்பது, எதைக் காப்பது என்ற கணக்கு இங்கே வேறு. உணவு, அடுப்பு, தண்ணீர், மாற்றுடுப்பு இந்த நான்கிலும் தாராளமாகக் கைவைக்கலாம். மழைக்காப்பிலும், இரவில் உடுத்தப்போகும் உலர்ந்த துணியிலும் கைவைக்கக் கூடாது. இதுதான் என் முடிவு. காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் உடம்பு. 1969ல் சோல், கோல்ட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் தலை, கை, கால் என்று இடம் மாற்றி மாற்றிச் சுமையை ஏற்றி, நடக்கும்போது எவ்வளவு சக்தி செலவாகிறது என்று அளந்தார்கள். காலில் ஏற்றிய எடைக்கு, அதே எடையை உடம்போடு சுமப்பதைப்போல ஐந்தாறு மடங்கு செலவானது. மலையேறுவதென்றால் கணுக்கால் மூடிய கனத்த தோல் சப்பாத்து வேண்டும் என்ற நம்பிக்கையை இந்த ஒரு முடிவே ஆட்டங்காணச் செய்கிறது. நம் பாதைகளில் அதற்கு இன்னொரு குறையும் உண்டு. ஒருமுறை தண்ணீர் புகுந்துவிட்டால் அந்தச் சப்பாத்து மறுநாளும் காயாது. பிடிமானமுள்ள அடி கொண்ட லேசான துணிச் சப்பாத்தும், அதன்மேல் முழங்கால் வரை இழுத்துக் கட்டும் அட்டைக் காலுறையும் போதும். உப்பையும் சவர்க்காரத்தையும் காலில் தேய்த்துக்கொண்டு அட்டையைச் சமாளிப்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்ததுதான்.

1986ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, கிழக்கு ஆபிரிக்காவின் லுவோ, கிகுயு பெண்கள் தம் உடல் எடையில் ஐந்திலொரு பங்கு வரை தலையிலோ நெற்றிப்பட்டையிலோ சுமந்தும் கூடுதல் சக்தி செலவழிப்பதில்லை என்று காட்டியது. 2005ல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வில், நெற்றிப்பட்டையில் தொங்கவிட்டுச் சுமக்கும் நேபாள ஆண் சுமையாட்கள் சராசரியாகத் தம் உடல் எடையில் பத்தில் ஒன்பது பங்கைச் சுமந்தார்கள். மெதுவாக நடப்பதும் அடிக்கடி நின்று இளைப்பாறுவதும் அவர்கள் வழக்கம். சின்ன வயதிலிருந்தே சுமந்து பழகிய உடல்கள் அவை. கொழும்பு அலுவலகத்தில் ஐந்து நாள் உட்கார்ந்துவிட்டு வருகிறவர் இந்த எண்களைத் தனக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

சுமக்கும் முறையைப் படிக்க நாம் நேபாளம்வரை போகவும் வேண்டியதில்லை. கொழுந்துக்கூடையைக் கிட்டே நின்று பாருங்கள். கயிறு உச்சந்தலையில், மடித்துப்போட்ட துணியின்மேல் படிகிறது. கூடை தோள்பட்டைக்குக் கீழே முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. இரண்டு கையும் கொழுந்து எடுக்க விடுபட்டிருக்கின்றன. இடுப்பைச் சுற்றிப் படங்கு. தேயிலைக் குச்சி கிழிக்காது, காலைப் பனி உடுப்பை நனைக்காது. மழை பிடித்தால் தலையோடு கூடையையும் சேர்த்து மூடும் பொலித்தீன் கொங்காணி. ஆளையும் சுமையையும் ஒரே உறை காக்கிறது என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்; பின்னால் வருகிறேன். இப்போது பல தோட்டங்களில் கூடை போய்ச் சாக்கும் பையும் வந்துவிட்டன. முறை அதேதான்.

ஆனால் இதை ரசித்துவிட்டுப் போக முடியாது. முழுப் பேர் (ஒரு நாள் முழுச் சம்பளம்) விழ 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கிலோதான் சம்பளம். நாளில் சில தடவை நிறுத்துக் கொட்டுவதால் அத்தனையும் ஒரே நேரத்தில் முதுகில் ஏறுவதில்லை என்றாலும், கழுத்திலும் இடுப்பிலும் தங்கிவிட்ட வலியோடு அறுபது வயதைத் தாண்டிய பெண்கள் இல்லாத லயம் கிடையாது. பொழுதுபோக்குக்காகச் சுமக்கிறவருக்குச் சுமையைக் குறைக்கும் உரிமை இருக்கிறது. அந்த உரிமை எவ்வளவு பெரியது என்பது அவர் நடந்துபோகும் பாதையின் இருபுறமும் தெரியும்.

கறுப்புக் கம்பளிக்கும் இந்த வரலாற்றில் இடமுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளைவரை காட்டுவழியே நடத்திக் கூட்டிவரப்பட்டவர்களுக்குத் தோட்டத்தில் கம்பளி கொடுத்தார்கள்; விலையைக் கணக்கில் பிடித்தார்கள். பகலில் அது மழைக்குக் கொங்காணி, இரவில் போர்வை. ஆட்டு ரோமம் தன் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு ஈரத்தை உள்வாங்கியும் ஓரளவு சூட்டை விடாது. அந்த ஒரு துணியை நம்பித்தான் ஒரு தலைமுறை இந்தக் குளிரில் கிடந்தது. பலர் அதிலேயே செத்தும் போனார்கள். குறைந்த சுமையை அழகாகக் காட்டுகிற எழுத்துகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

மேற்கத்திய மரபையும் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். 1955ல் எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பெண்மணி, தானே தைத்த ஒரு துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, 3,300 கிலோமீற்றர் நீளமுள்ள அப்பலாச்சியன் பாதையைத் தனியாக நடந்து முடித்தார். காலில் துணிச் சப்பாத்து. மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை. 1990களில் ரே ஜார்டின் என்ற பொறியியலாளர் இதையே ஒரு முறையாக்கினார். கூடாரத்துக்குப் பதில் தறப்பாள், மூடிய உறக்கப்பைக்குப் பதில் மேலே மட்டும் போர்த்தும் ரஜாய், கையில் ஒரு குடை. உணவு, தண்ணீர், எரிபொருள் நீங்கலாக மற்றதெல்லாம் 4.5 கிலோவுக்குள் அடங்க வேண்டும் என்ற அளவு இந்த மரபில்தான் நிலைபெற்றது. கூடாரம், உறங்கும் பொருள்கள், பை மூன்றும்தான் எடையில் பெரியவை, முதலில் அவற்றைப் பார் என்று அது சொல்கிறது. அது சரி. ஆனால் அந்த மூன்றையும் விலை கொடுத்து மாற்றுவதற்கு முன்னால், காசு செலவில்லாமல் கழிக்க இந்த மலையில் நிறைய இருக்கிறது.

முதலாவது, நாள் பார்ப்பது. தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனை பக்கத்தை நனைத்துத் தள்ளும். ஹட்டனுக்குக் கீழேயுள்ள வட்டவளையில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றர் அளவுக்குப் போகும். அதே மாதங்களில் மலை முகட்டுக்கு அப்பால் அப்புத்தளை, பண்டாரவளை பக்கம் வெயிலும் காற்றுமாகக் கிடக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழையில் இது தலைகீழாகிறது. ஜூலையில் நோர்வூட்டுக்குப் போகிறவர் ஒரு கிலோ மழை உடுப்பும் ஒரு கிலோ மாற்றுத்துணியும் கூடுதலாகச் சுமப்பார். அதே வார இறுதியில் ஒஹியவுக்கு அப்பால் இறங்குகிறவருக்கு அது வேண்டாம். இரண்டுக்கும் இடையிலான ஒக்டோபர், நவம்பரில் கூடாரமே போடாமலிருப்பது நல்லது. மீரியபெத்தையில் லயங்களை மண்சரிவு மூடியது 2014 ஒக்டோபர் 29ல். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை இருக்கும்போது வெட்டுச் சரிவுக்குக் கீழே படுப்பது, எத்தனை லேசான பையோடு போனாலும் மடமை.

உயரத்தையும் பார்க்க வேண்டும். ஹட்டன் 1,271 மீற்றர், நுவரெலியா 1,868, ஹோர்ட்டன் சமவெளி 2,100க்கு மேல். நூறு மீற்றருக்கு அரைப் பாகைக்குச் சற்றுக் கூடுதலாகக் குளிர் ஏறும். ஹட்டனில் போதுமான போர்வை நுவரெலியாவில் நான்கு பாகை குறைவாகப்படும், சமவெளியில் அதற்கும் குறைவாக. சிக்கல் என்னவென்றால், மேற்குப் பக்கம் மழை ஓய்கிற ஜனவரி, பெப்ரவரியில்தான் குளிரும் கடுமை. மேகமில்லாத இரவுகளில் சமவெளியின் புல்லில் உறைபனி படிந்து, காலையில் வெள்ளையாகக் கிடக்கும். மழை உடுப்பில் மிச்சம் பிடித்த எடையை அங்கே கம்பளியில் செலவழிக்கத்தான் வேண்டும்.

இரண்டாவது, உணவு. அதிகம் கழிக்கக்கூடியதும் அநியாயமாகச் சுமக்கப்படுவதும் இதுதான். கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி, நோர்வூட், பொகவந்தலாவை, டயகம, ஹோர்ட்டன் சமவெளி, அப்புத்தளை என்று சுற்றி நுவரெலியாவில் முடிகிற பெக்கோ டிரெயில் 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும், 22 கட்டங்கள். தோட்டங்களிலிருந்து கொழுந்து ஏற்றிய பழைய வண்டிப்பாதைகள்தான் பெரும்பகுதி. தேயிலை மலைக்குள் போகும் அந்தப் பகுதிகளில் நடப்பவர் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரு லயத்தையோ கடையையோ காணாமல் போவது அபூர்வம். பிளேன்டீ, பணிஸ், வடை, காலையில் சுடச்சுட ரொட்டி கிடைக்கும் வழியில் இரண்டு கிலோ அரிசியும் பருப்பும் சட்டியும் ஏன்? அந்தக் கடையில் கொடுக்கிற காசு அங்கேயே தங்கவும் செய்கிறது.

கடை இல்லாத இரவுக்கும் அடுப்பு வேண்டியதில்லை என்பது என் கட்சி. 2,100 மீற்றரில் தண்ணீர் ஏறக்குறைய 93 பாகையிலேயே கொதித்துவிடும். சோறு வேக நேரமும் எரிவாயுவும் கூடச் செலவாகும். கடையில் கிடைக்கும் சிறிய பியூட்டேன் உருளை, வெப்பம் பூச்சியத்தை நெருங்கினால் ஆவியாகவே தயங்கும். சமவெளியில் விறகு மூட்டுவது தடை; பத்தனைப் புல் ஒருமுறை பற்றினால் ஒரு மலைச்சரிவே போய்விடும். இதற்கெல்லாம் மாற்று மலையகத்துச் சமையற்கட்டிலேயே இருக்கிறது. தேங்காய்ப்பூ போட்டுத் தடித்துச் சுட்ட ரொட்டி, கட்டச் சம்பல், மாசி கூடுதலாகப் போட்டு வதக்கிய சீனிச் சம்பல், கச்சான், எள்ளுருண்டை, ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 700 கிராம் தாராளம். அடுப்பு, உருளை, சட்டி, அரிசி என்று இரண்டரை கிலோ ஒரே அடியில் இறங்குகிறது. சூடாக ஏதாவது இல்லாமல் இரவு போகாது என்கிறவர்கள் அரை லீற்றர் ஃபிளாஸ்க்கில் கடைசிக் கடையில் பிளேன்டீ ஊற்றிக்கொள்ளலாம்.

தண்ணீரில் கவனம் வேண்டும். ஒரு லீற்றர் ஒரு கிலோ. வழியில் நீரோடைகள் நிறைய இருப்பதால் வடிகட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வெறும் போத்தலோடு நடக்கலாம் என்று வெளிநாட்டுக் கைநூல்கள் சொல்லும். தேயிலை மலையில் அது செல்லாது. கையடக்க வடிகட்டிகள் கிருமியைத் தடுக்கும். தண்ணீரில் கரைந்த களைகொல்லியை அவற்றில் பல தடுக்காது. கிளைபோசேட்டை 2015ல் தடை செய்து, 2018ல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் மீண்டும் அனுமதித்தது இந்த நாடு. தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஓடையை விட்டுவிட்டு, லயத்துப் பீலியிலோ கடையிலோ கேட்டு, கொதிக்க வைத்த தண்ணீரை நிரப்பிக்கொள்ளுங்கள். மனிதர்கள் அருகிலிருப்பதால் ஒரு லீற்றருக்கு மேல் சுமக்க வேண்டி வராது.

இனிக் குறைக்கக் கூடாதவை. பத்து, பன்னிரண்டு பாகைக் குளிர் பெரிய குளிரே இல்லை. ஆனால் நனைந்த உடுப்பும் காற்றும் சேர்ந்தால் அந்த அளவிலேயே உடம்புச் சூடு இறங்கி, நடுக்கம் பிடித்து, நாக்குக் குழறும். ஜீன்ஸ் காற்சட்டை காய்ந்திருக்கும்போதே முக்கால் கிலோ இருக்கும். நனைந்தால் அதன் பாரம் இடுப்பில் தெரியும், மலையில் அது காய்வதற்கு வழியும் இல்லை. நடக்க ஒரு செட், உறங்க ஒரு செட். இதற்கு மேல் மாற்றுத்துணி வேண்டாம், இதற்குக் கீழேயும் போகக் கூடாது. உறங்கும் செட் எக்காரணத்தாலும் நனையக் கூடாது. மறுநாள் காலையில் ஈரத்துணியையே திரும்ப உடுத்துவது கொடுமைதான். நடக்கத் தொடங்கிய பத்து நிமிடத்தில் உடம்பு சூடாகிவிடும்.

இங்கேதான் கொங்காணியின் பாடம். பைக்கு மேலே மாட்டும் மழையுறையை நம்பாதீர்கள். முதுகுப் பக்கமாக வழிகிற தண்ணீர் பைக்குள் இறங்குவதை அது தடுக்காது. ஆளையும் பையையும் சேர்த்து மூடும் பொஞ்சோ நல்லது. தேயிலை மலைக்குள், காற்றில்லாத மழையில், குடை அதைவிட நல்லது. ரெயின்கோட்டுக்குள் வியர்த்து நனைவது அதில் இல்லை. முகட்டுக் காற்றில் குடை உதவாது. எதை எடுத்தாலும், பைக்குள்ளே வாய் சுருட்டிக் கட்டும் நைலோன் உறை ஒன்றில் உறக்கப்பையும் உலர்ந்த துணியும் இருக்க வேண்டும். தடித்த குப்பைப் பை மலிவு, 50 கிராம்கூட வராது. ஆனால் ஹோர்ட்டன் சமவெளி வாசலில் பையைத் திறந்து பொலித்தீனைக் கழற்றி வாங்கிவிடுவார்கள், பிஸ்கட் பக்கற்றின் உறையைக்கூட. அங்கே போகிறவர்கள் எல்லாவற்றையும் வீட்டிலேயே துணிப்பைக்கும் டப்பாவுக்கும் மாற்றிக்கொண்டு போக வேண்டும்.

உறக்கப்பையில் வாத்திறகு நிரப்பியது லேசு, உள்ளங்கைகளுக்குள் சுருங்கும். ஆனால் ஈரம் பட்டால் இறகு ஒட்டி, உப்பல் போய், சூடும் போய்விடும். மூடுபனி கூடாரத்துக்குள்ளேயே வந்து உட்காரும் மலையில் செயற்கை நார் நிரப்பியதே என் தேர்வு. எடை 300, 400 கிராம் கூடுதல், பருமனும் கூடுதல்; விலை பாதிக்கும் குறைவு. அடியில் போடும் பாயை மறக்க வேண்டாம். உடம்பின் சூட்டை நிலம் உறிஞ்சும் வேகம் மேலேயிருந்து வரும் குளிரைவிடப் பொல்லாதது. 400 கிராம் நுரைப்பாய் ஒன்று இன்னொரு போர்வைக்குச் சமம்.

பருமன் எடையைவிட வேறான தொல்லை. கொழும்பிலிருந்து வரும் மூன்றாம் வகுப்புப் பெட்டியிலும், ஹட்டன்–பொகவந்தலாவை பஸ்ஸிலும் 70 லீற்றர் பை ஓர் ஆளின் இடத்தைப் பிடிக்கும். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் அதோடு ஏறுவது மற்றவர்களுக்குச் செய்கிற அநியாயம். 40 லீற்றர் பை வாங்குங்கள். பை சிறிதானால் அதற்குள் போவதும் தானாகக் குறையும். பாயைப் பைக்குள்ளேயே வட்டமாகச் சுருட்டி வைத்து நடுவில் மற்றதை அடுக்கினால் வெளியே எதுவும் தொங்காது. சாரம் ஒன்று 300 கிராம்: துவாய், உடை மாற்ற மறைப்பு, போர்வைக்குள் விரிப்பு, மடித்தால் தலையணை. இத்தனை வேலைக்கு இணையான பொருள் எந்த வெளிநாட்டுக் கடையிலும் இல்லை.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதிப் பொருள்களின் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. சந்தையில் கிடைக்கும் இருவர் கூடாரம் இரண்டரை, மூன்று கிலோ வரும். இருவர் பிரித்துச் சுமந்தால் அதுவே போதும். அதைவிட லேசாக வேண்டுமென்றால், பாரசூட் துணியை வாங்கி, நகரத்துத் தையற்காரரிடம் மூன்று மீற்றர் சதுரத்துக்கு ஓரம் மடித்து, மூலைகளில் நாடா வைத்துத் தைக்கக் கொடுக்கலாம். தையலோரத்துக்கு மெழுகோ சிலிக்கோனோ பூச வேண்டும். கயிறு, முளையோடு 700 கிராமுக்குள் அடங்கும். அட்டை உள்ளே வரும் என்பது தறப்பாளின் குறை. ஈர மாதங்களில் கூடாரம்தான் சரி. எதை அடிப்பதென்றாலும் தோட்டத்து நிலத்தில் துரையிடம் கேட்காமல் அடிக்கக் கூடாது. சமவெளியில் வனசீவராசிகள் திணைக்களம் ஒதுக்கிய இடத்தில் மட்டும்.

சுமக்க ஆள் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். தோட்டத்து இளைஞருக்கு அது ஒரு நாள் வருமானம், தவறில்லை. பெருவில் இன்கா பாதையில் சுமையாட்களுக்கு 2001லேயே சட்டம் வந்தது. ஆணுக்கு 20 கிலோ எல்லை. இங்கே அப்படியொரு எல்லையை நாமே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. உங்கள் சுமையை உங்களால் தூக்க முடியும் என்ற அளவுக்குக் குறைத்த பிறகு மட்டும் ஆள் தேடுங்கள். அவருக்கும் மழை உடுப்பும் படுக்க இடமும் இருக்கிறதா என்று கிளம்பும் முன்னே பாருங்கள்.

எல்லாவற்றையும் தராசில் வைத்தால்: பை 900 கிராம், தறப்பாள் 700, தரைவிரிப்பு 200, பாய் 400, உறக்கப்பை 1,200, உலர்ந்த உடுப்பும் குல்லாவும் 800, மழைக்காப்பு 350, சாரம் 300, டோர்ச், தொலைபேசி, சார்ஜர் 400, மருந்து, விசில், உப்பு, சித்தாலேப 250. ஐந்தரை கிலோ. ஒரு லீற்றர் தண்ணீரும் உணவும் சேர்த்து ஏழு கிலோவுக்குச் சற்று மேல். ஜனவரியில் சமவெளிக்கானால் இன்னொரு கம்பளிச் சட்டையும் தடித்த உறக்கப்பையுமாக ஒரு கிலோ கூடட்டும். பத்தைத் தாண்டினால் உணவுப் பொதியை முதலில் அவிழ்த்துப் பாருங்கள், அடுத்து மாற்றுத்துணியை.